ஊருக்குள் இறங்கும் நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் வசந்தத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் வரை அப்பலாச்சியன் நெடும்பாதையை முழுவதுமாக நடக்க எண்ணியிருக்கிறேன். வழியிலுள்ள சிற்றூர்களில் தங்குவதைப் பற்றித் தாங்கள் பரிவோடு எழுதி வருகிறீர்கள். ஆனால் நாலைந்து நாளுக்கொருமுறை விடுதி, குளியல், உணவகம் என்று இறங்கினால் காட்டில் தனித்திருப்பதன் பயனே போய்விடாதா? இயன்றவரை ஊர்களைத் தவிர்க்க நினைக்கிறேன். நான் சைவ உணவு மட்டுமே உண்பவள்.

வாசகி, நியூ ஜெர்சி

அன்புள்ள வாசகிக்கு,

தவிர்க்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸிலும் வர்ஜீனியாவின் டமாஸ்கஸிலும் பாதையே கடைத்தெரு வழியாகத்தான் போகிறது. அங்கே ஊரும் நடையின் ஒரு பகுதி.

கணக்கும் அதையே சொல்கிறது. நாளொன்றுக்கு முக்கால் கிலோ உலர் உணவாவது வேண்டும். ஐந்து நாளுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ. பத்து நாளுக்கு எட்டு கிலோ, அதைச் சுமப்பவை உங்கள் முழங்கால்கள். அவ்வளவு சுமந்தாலும், மலையேற்றத்தில் உடல் எரிப்பதை அந்த உணவு ஈடுசெய்யாது. ஊரில் வரும் அடங்காப் பசி அந்தக் கடனைத் தீர்க்கும் பசி. அதற்குக் கூச்சப்படாமல் சாப்பிடுங்கள். சுமார் 3,500 கிலோமீட்டர் நடப்பவருக்கு ஓய்வும் உழைப்பின் ஓர் அங்கமே.

முழு நாளும் நடக்காமல் தங்குவதை நடையர்கள் ‘சீரோ’ என்பார்கள். சில மைல் மட்டும் நடந்து ஊர் சேரும் நாள் ‘நீரோ’. நான் பின்னதையே விரும்புகிறேன். காலையில் இறங்கி, ஓர் இரவு மெத்தையில் தூங்கி, மறுநாள் ஏறிவிட்டால் செலவும் குறையும், நடையின் தாளமும் கெடாது. காலில் புண்ணோ வீக்கமோ இருந்தால் மட்டும் தயங்காமல் இன்னொரு நாள் இருங்கள்.

இறங்கியதும் முதலில் தபால் நிலையம், வீட்டிலிருந்து வரும் உணவுப் பார்சலை வாங்க. சிற்றூர்த் தபால் நிலையங்கள் சனிக்கிழமை சில மணி நேரமே திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. வெள்ளி மாலை தாமதமாக வந்தால் பார்சலுக்காகத் திங்கள் வரை காத்திருக்க நேரும். ‘ஜெனரல் டெலிவரி’ (நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளத் தபால் நிலையத்திலேயே வைத்திருக்கும் முறை) என்று உங்கள் பெயருக்கு அனுப்பச் சொல்லி, புகைப்பட அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். சைவமென்பதால் சிறிய கடைகளை மட்டும் நம்ப முடியாது. பருப்புப்பொடி, அவல், உலர்த்திய காய்கறி வீட்டிலிருந்து வரட்டும். ஆனால் எல்லாப் பார்சலையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். சில வாரங்களில் நாக்கு மாறிவிடும், ஒரே புளியோதரைப் பொடியைப் பார்த்தாலே குமட்டும். மிஞ்சுவதை விடுதியின் ‘ஹைக்கர் பாக்ஸ்’ பெட்டியில் போட்டால் அடுத்தவருக்கு உதவும். பொட்டலத்தின் மேல் என்னவென்று எழுதிப் போடுங்கள், பெயரில்லாத வெள்ளை மாவை எவரும் தொடுவதில்லை. அடுப்புக்கான கேஸ் குப்பியைப் பார்சலில் சேர்க்காமல் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து லாண்டிரி. இருக்கும் துணி அத்தனையும் இயந்திரத்துக்குள் சுழல, மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும் மட்டும் அணிந்து உட்கார்ந்திருப்பவர்களை அங்கே காண்பீர்கள். நீங்களும் அப்படியே உட்காருங்கள், யாரும் வியக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் காலணியின் உள்ளட்டையை எடுத்து வெயிலில் வையுங்கள், விரல் இடுக்குகளை நன்றாக உலர விடுங்கள். வாங்கிய உணவின் அட்டைப்பெட்டிகளை அங்கேயே கழித்துவிட்டு ஜிப் பைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் ஹாட் ஸ்பிரிங்ஸ், டமாஸ்கஸ் இரண்டையும் கடுமையாகத் தாக்கியது. நடையர்களை நம்பி வாழும் அத்தகைய ஊர்களில் ஓர் இரவு அறை எடுத்துத் தங்குங்கள். மெய்னில் மான்சன் என்ற ஊர் வந்ததும் ஏழெட்டு நாளுக்கான உணவைக் கட்டிக்கொள்ளுங்கள்; அதற்கப்பால் ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்கு ஊர் இல்லை. நீங்கள் தேடும் தனிமை அங்கே நிறையவே கிடைக்கும்.