20 மெகாஹெர்ட்ஸில் ஏறிப்போன காயில்

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ரிசீவர் கட்டுகிறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேஜ் எனாமல் கம்பி எடைபோட்டு வாங்கி, 25 மி.மீ. ஒயரிங் பைப்பில் நெருக்கமாக 20 சுற்று சுற்றினேன். கணக்குப்படி இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) 8.4 மைக்ரோஹென்றி. நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியும் 1 மெகாஹெர்ட்ஸில் அதையே காட்டுகிறது. 20 மெகாஹெர்ட்ஸில் 11.2 என்கிறது! அண்ணாச்சி கலப்படக் கம்பியைத் தலையில் கட்டிவிட்டாரா? திருப்பிக் கொடுக்கலாமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இதற்காக அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பி முழு அலுமினியமாக இருந்தாலும் ஏறக்குறைய இதே 8.4தான் வந்திருக்கும். இண்டக்டன்ஸைத் தீர்மானிப்பது விட்டம், நீளம், சுற்று எண்ணிக்கை. உலோகம் மாறினால் இழப்புதான் கூடும்.

நீங்கள் போட்டது ஹரோல்ட் வீலர் 1928இல் தந்த சூத்திரம் என்று நினைக்கிறேன். அதில் அதிர்வெண்ணே கிடையாது. நிஜக் காயிலிலோ சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) ஒட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் சேர்த்து, காயிலுக்கு இணையாக ஒரே கெப்பாசிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். அதிர்வெண் ஏற ஏற இதுதான் மீட்டரில் இண்டக்டன்ஸைக் கூட்டிக் காட்டுகிறது. உங்கள் எண்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன: 8.4 மூன்றில் ஒரு பங்கு கூடி 11.2 ஆகியிருக்கிறது. இந்த அளவு ஏற்றம், காயில் தானாகவே ஒத்ததிரும் (ரெசொனன்ஸ் ஆகும்) அதிர்வெண்ணின் பாதியில்தான் வரும். அப்படியானால் அந்த இடம் 40 மெகாஹெர்ட்ஸ், ஒட்டிய கெப்பாசிட்டன்ஸ் சுமார் 2 பிக்கோஃபாரட். மீட்டரில் மாட்டிய ஒயர்களின் பங்கும் இதில் உண்டு. 40ஐத் தாண்டினால் அது காயிலாகவே நடந்துகொள்ளாது. அந்தப் பக்கத்தில் இந்த ஒற்றைக் கெப்பாசிட்டர் மாதிரியையும் நம்ப வேண்டாம். சுற்றிய கம்பியின் நீளமே கால் அலைநீளத்தை நெருங்கிவிடுகிறது.

உங்களுக்கு வேண்டிய 7 மெகாஹெர்ட்ஸில் ஏற்றம் 3 சதவீதம்தான். டிரிம்மரை (திருகி அளவு மாற்றும் சிறு கெப்பாசிட்டர்) திருகினால் சரியாகிவிடும். இன்னும் குறைக்க ஆசையென்றால் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். இண்டக்டன்ஸும் குறையும், ஓரிரு சுற்று கூட்ட வேண்டிவரும். கடையில் மோட்டார் காயில் போல அடுக்கடுக்காகச் சுற்றித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். கெப்பாசிட்டன்ஸ் எகிறிவிடும். ரெடிமேட் சோக் (கடையில் விற்கும் காயில்) வாங்குகிறவர்களும் மைக்ரோஹென்றியை மட்டும் பார்க்காமல், டேட்டாஷீட்டில் தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

கலப்படச் சந்தேகம் தனிக் கதை. செம்பு பூசிய அலுமினியக் கம்பி சந்தையில் உண்டுதான். நுனியை வெட்டி அரத்தால் தேயுங்கள்: நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பில்லில் செம்பு என்று எழுதியிருந்து இப்படித் தெரிந்தால் தாராளமாகத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில் வாங்கினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.