தனம்மாள் வீட்டுப் பாட்டும் பாலாவின் பேரனும்: கேள்வி பதில்

கேள்வி: பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டம் அவர் குடும்பத்தில் இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பேரன் அனிருத்தா நைட் ஆடுகிறார். பாலசரஸ்வதி என்கிற பாலாம்மா 1984இல் மறைந்தார். மகள் லட்சுமி ஆடினார், தன் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2001இல் அவரும் போய்விட்டார். அனிருத்தாவின் அப்பா டக்ளஸ் நைட் மிருதங்கக்காரர். மாமியாரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர்.

கேள்வி: இந்த வீட்டுப் பாணிக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு?

பதில்: பாட்டு. பாலாம்மா, வீணை தனம்மாளின் (1867–1938) பேத்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வீட்டில் வாசிக்கும் வீணையைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்கள். அம்மா ஜெயம்மாள் பாட, பாலாம்மா ஆடினார். ஆடிக்கொண்டே தானும் பாடினார். பாலாம்மா 1973, அவர் சித்தி மகள் பிருந்தா 1976, தம்பி விஸ்வநாதன் 1988 என்று ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது! பதத்தில், அதாவது அபிநயத்துக்கான நிதானமான காதல் பாட்டில், கமகம் (ஸ்வரத்தின் அசைவு) நெளிகிற இடத்தில்தான் புருவம் அசையும். பாடுகிறவர் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் அபிநயம் அங்கேயே செத்துப்போகும். இந்த வீட்டில் பிள்ளைக்குக் கைமாறுவது அடவு என்கிற ஆட்ட அசைவுகள் மட்டும் இல்லை, இந்தக் காதும்தான்.

கேள்வி: ஆண் ஒருவர் பதம் ஆடினால், காதலிக்கிற நாயகியின் பாவம் ஒட்டுமா?

பதில்: ஏன் ஒட்டாது? நாயகி வாயாலேயே இத்தனை பதம் எழுதிய தெலுங்குக் கவி க்ஷேத்ரக்ஞர் ஆண்தானே. 'நேற்று ராத்திரி எங்கே இருந்தீர்?' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அது வெறும் கேள்வி. அடுத்த தடவை கண் அவன் மேல்துண்டில் இருக்கிற வேற்று வாசனைக்குப் போகும். மூன்றாவது தடவை, பதிலே வேண்டாம் என்று தலை திரும்பும். இதற்கு வேண்டியது அனுபவமும் சங்கீதமும்தான். பெண் மாதிரி நெளிந்து காட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை.

கேள்வி: ரத்த சம்பந்தம் இல்லாதவர்களுக்கு இது வருமா?

பதில்: ஜான் ஹிக்கின்ஸ் பாடியதைக் கேளுங்கள். அமெரிக்கர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலாம்மாவின் தம்பிகள் ரங்கநாதன், விஸ்வநாதன் கற்றுக்கொடுத்தது. நம் ஊர் ரசிகர்கள் அவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே கொண்டாடினார்கள். வீட்டில் பிறந்தால் பாட்டு தொட்டிலிலேயே காதில் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். பேரனுக்கு இன்னொரு சுமை உண்டு. மேடை ஏறினாலே பாட்டியோடு ஒப்பிடுவார்கள். அது நியாயமில்லை, அவர் ஆட்டத்தை அவர் ஆட்டமாகப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பரதம் சேர்த்திருக்கிறேன். உங்கள் யோசனை?

பதில்: பாலாம்மாவும் ஏழு வயதில்தான், 1925இல் காஞ்சிபுரத்தில், அரங்கேறினார். அதற்குள்ளேயே கந்தப்ப பிள்ளையிடம் கடுமையான பயிற்சி. உங்கள் பெண்ணுக்கு அரங்கேற்ற அவசரம் வேண்டாம், கூடவே பாட்டு வகுப்பில் சேருங்கள். சத்யஜித் ரே 1976இல் எடுத்த 'பாலா' படத்தையும் காட்டுங்கள். அதில் கடற்கரைக் காற்றில் புடவைத் தலைப்பு பறக்க 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுவார். அவர் கை குழந்தைக் கண்ணனைக் கூப்பிடும்போது உங்கள் பெண்ணின் முகத்தைப் பாருங்கள், அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.