ஓ-பேர் பெண் வருகிறாள், அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஜெர்மனியில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் ஓ-பேர் பெண், அதாவது வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மொழி பழக வரும் வெளிநாட்டுப் பெண். மூன்றும் நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனி விவகாரத்துக்குப் பதில் சொல்ல இந்த அம்மா யார் என்று நினைப்பீர்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் என் சின்ன மகள் வீட்டில் ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தி ஓராண்டு ஓ-பேராக இருந்தாள். அதில் ஒரு கோடை முழுக்க நானும் அங்கேதான் இருந்தேன். கண்ணால் பார்த்ததையும், மகள் விதிகளைப் படித்துச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

வாசகி, பாலக்கோடு: மகளுக்கு ஜெர்மனியில் இரண்டாவது குழந்தை. எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் விசா இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓ-பேர் என்று வெளிநாட்டுப் பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். வெளியாள் எதற்கு? என் தம்பி மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறாள். அவளை அனுப்பலாமா?

முடியாதம்மா. ஓ-பேராக வருபவர் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. சொந்தம் இல்லாவிட்டாலும் உங்கள் மகள் வீட்டுக்கு நம் ஊர்ப் பெண் போக வழியில்லை. தாய்மொழி ஜெர்மன் இல்லாத குடும்பம் வீட்டில் ஜெர்மன் பேசினால் ஓ-பேர் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்தப் பெண் பெற்றோரின் தாய்நாட்டிலிருந்து வரக் கூடாது. அங்கே போய்த் தமிழே பேசிக்கொண்டிருந்தால் ஜெர்மன் எப்படி வரும் என்பதுதான் காரணம். இந்த ஏற்பாடே இளையவர்கள் மொழியும் ஊரும் பழகுவதற்காக உண்டானது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான்.

தம்பி மகளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் வேறொரு ஜெர்மன் குடும்பத்துக்குப் போகட்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 நிரம்பி, 27 ஆகாமல் இருக்க வேண்டும். ஏ1 எனும் ஆரம்ப நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் சொல்லித்தரும் கோதே நிலையம் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. உங்களுக்குப் பெங்களூருதான் பக்கம்.

வாசகர், கிருஷ்ணகிரி: மகன், மருமகள் இருவருக்கும் ஜெர்மனியில் வேலை. பேத்திக்கு மூன்று வயது. ஓ-பேர் பெண் அடுத்த மாதம் வருகிறாள். நாங்கள் சைவம். என்னென்ன தயார் செய்யலாம் என்று மருமகள் எங்களையே கேட்கிறாள்!

மருமகள் கேட்கிறாளே, அதுவே பெரிய விஷயம் அண்ணா. சொல்கிறேன், அப்படியே அனுப்பிவிடுங்கள்.

முதலில் அறை. அவளுக்கென்று தனி அறை வேண்டும். எட்டு சதுர மீட்டருக்குக் குறையாமல், ஜன்னலோடும் ஹீட்டரோடும். நம் பிள்ளைகள் வீட்டில் அந்த மூன்றாவது அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்து கிலோ சோனா மசூரி பை, கிரைண்டர், ஊரிலிருந்து கொண்டுபோன புளிப் பொட்டலம், பிரிக்காத அட்டைப்பெட்டிகள், துணி காயும் ஸ்டாண்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் அது அறை. ‘கிரைண்டர் மட்டும் மூலையில் இருக்கட்டும்’ என்றால் காலையில் மாவரைக்க யாராவது உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள். கட்டில், மேசை, அலமாரி, உள்ளிருந்து பூட்டும் கதவு, வீட்டுச் சாவி ஒரு செட். கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று பேத்திக்கு இப்போதே பழக்குங்கள்.

இன்னொன்று, உங்களுக்கே. அடுத்த முறை நீங்களும் அண்ணியும் போகும்போது அந்த அறை உங்களுக்குக் கிடையாது. ‘ரெண்டு மாசம்தானே, அந்தப் பொண்ணு ஹாலில் படுத்துக்கட்டும்’ என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அவள் அறையை யாருக்கும் விட்டுத்தரச் சொல்லக் கூடாது. நீங்கள் ஹாலில் சோபா கம் பெட்டில் படுங்கள். நான் அப்படித்தான் படுத்தேன், முதுகு ஒன்றும் போய்விடவில்லை.

அடுத்து நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. மகனும் மருமகளும் ராத்திரி விருந்துக்குப் போய், அவள் குழந்தையோடு வீட்டில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, நான்கு மாலைகள் அவளுடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக அவளுக்கு. ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் கைச்செலவுப் பணத்தோடு லீவு. என் மகள் இதை ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள்: காலை ஏழிலிருந்து ஒன்பது, மதியம் மூன்றிலிருந்து ஏழு. மாப்பிள்ளைக்கு மீட்டிங் இழுத்துவிட்டால் கூடுதலான நேரத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி, மறுநாள் கழிப்பார்கள். ஏழு அடித்ததும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். சிங்க்கில் பாத்திரம் கிடக்கும். எங்கள் சம்பந்தியம்மாவுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. எனக்கு அது சரியாகவே பட்டது. பேத்தியைக் குளிப்பாட்டுவது, பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவது, குழந்தையின் துணியைத் துவைத்து மடிப்பது, எளிதாக ஏதாவது சமைத்துக் கொடுப்பது, இவைதான் அவள் வேலை. வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவுவதும், மூட்டுவலியோடு போகும் நமக்குக் கால் பிடித்துவிடுவதும் அவள் கணக்கில் வராது.

பணம்: மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ குடும்பம் தர வேண்டும். மருத்துவ, விபத்துக் காப்பீடும் குடும்பத்தின் செலவு. சாப்பாடு, அறை என்று எதையும் இதில் பிடிக்கக் கூடாது. லீவிலும் காய்ச்சலிலும் 280 உண்டு. தயவுசெய்து இதை ரூபாயில் பெருக்கி அவள் காதுபடச் சொல்லாதீர்கள். அந்த ஊரில் இது சம்பளமே அல்ல. வரும் விமானச் செலவு அவளுடையது.

வந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அதற்கு, இவள் இங்கேதான் குடியிருக்கிறாள் என்று கையெழுத்திட்ட தாள் வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அவள் வருவதற்கு முந்தின நாளே தபால் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் அவள் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் போஸ்ட்மேன் கடிதத்தைப் போடாமல் திருப்பிவிடுவார். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும்.

சைவ விஷயத்தை இப்போதே வீடியோ காலில் சொல்லிவிட வேண்டும், வந்த பிறகு அல்ல. முட்டை வரை சம்மதமா, அவள் வெளியே சாப்பிடலாமா, வீட்டிலேயே தனி வாணலி வைத்துக்கொள்ளலாமா என்று மருமகள் தெளிவாக முடிவெடுக்கட்டும். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு அவளுக்கென்று இருக்கட்டும். அஞ்சறைப் பெட்டிக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெண் மிளகாய்த் தூளைக் காரமில்லாத பாப்ரிகா தூள் என்று நினைத்து, சூப்பில் இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போட்டுவிட்டாள். அதுவும் குண்டூர் மிளகாய். நல்லவேளை, முதல் வாய் மாப்பிள்ளை குடித்தார், குழந்தை குடிக்கவில்லை.

பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இவளுக்கு அனுமதி உண்டு என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்ப மாட்டார்கள். அவசரத்துக்கு 112, டாக்டர் மூடிய பிறகு கேட்க 116117, குழந்தைக்கு எது ஒவ்வாது, இவையும் அந்த ஃபிரிட்ஜ் தாளிலேயே இருக்கட்டும். முதல் வாரம் மகனோ மருமகளோ ஒருவர் லீவு போட்டுக் கூடவே இருக்கட்டும். எந்த ஸ்டாப்பில் இறங்குவது, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதெல்லாம் அந்த வாரத்தில் பழகிவிடும்.

வாசகி, பர்கூர்: ஆடியில் மகள் குடும்பம் வருகிறது. ஓ-பேர் பெண்ணும் கூட வருகிறாளாம். போலீஸில் சொல்ல வேண்டுமா? எங்கே கூட்டிப்போகலாம்?

சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும், வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். முன்பு இதை சி ஃபார்ம் என்று சொல்வார்கள்; 2025 முதல் ஃபார்ம் III. உங்கள் வீட்டை அந்தத் தளத்தில் முதலில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும், அதனால் அவர்கள் விமானம் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பு எஸ்.பி. அலுவலகம், சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள்.

அவள் சுற்றுலா விசாவில் வருகிறாள் என்றால் விருந்தாளியாகவே வரட்டும். குழந்தையை அவள் இடுப்பில் கொடுத்துவிட்டு நீங்கள் கல்யாணத்துக்குக் கிளம்பாதீர்கள். தாழ்ப்பாள் உள்ள அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் போதும். நம் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு என்று பயமுறுத்துவார்கள். சில வாரத்தில் அதனால் ஒன்றும் ஆகாது, வயிறு கெடுவதுதான் கவலை. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுங்கள்.

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொடுத்துப் பாருங்கள். கையால் உருட்டி விழுங்குவதை வீடியோ எடுக்கத் தெருவே திரளும். அதை மட்டும் தடுத்துவிடுங்கள். ஒகேனக்கலுக்கு ஆடிப்பெருக்கன்று வேண்டவே வேண்டாம், கூட்டம் தாங்காது. மற்ற நாளில் போகலாம். காவிரியில் தண்ணீர் அதிகம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசல் ஓடினால் லைஃப் ஜாக்கெட்டை அவளுக்கும் பேரனுக்கும் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கு அது போதும்.

திரும்பும்போது ஜெர்மனி தங்கும் அனுமதி அட்டையை அவள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெங்களூரு விமான நிலைய கவுண்டரில் அதைக் கேட்பார்கள். ஊறுகாய் பாட்டிலோடு பெட்டிக்குள் போய்விட்டால் அங்கேயே எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.