தெஹானோ பாட்டைக் கேட்க ஆள் இருக்கிறது, எஃப்எம்மில் இடம் ஏன் இல்லை?

கேள்வி: தெற்கு டெக்சாஸில் தெஹானோ பாட்டுக்கு, அதாவது மெக்சிகோ வம்சாவளி டெக்சாஸ்காரர்களின் பாட்டுக்கு, இத்தனை ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் உள்ளூர் எஃப்எம்மில் அது அரிதாகிவிட்டது. கிடைக்கிற ஒன்றிரண்டு ஸ்டேஷனும் ஊரைத் தாண்டியதும் வேறொரு ஸ்டேஷனுக்கு அடியில் போய்விடுகிறது. ஏன்?

பதில்:

நான் கார்ப்பஸ் கிறிஸ்டியில் இருக்கிறேன். வேலை நிமித்தமாக சான் ஆன்டோனியோவுக்கு 37ஆம் நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வருவேன். அந்தப் பயணங்களில் கார் ரேடியோவில் கேட்டுத்தான் தெஹானோ இசையே எனக்குப் பழக்கமானது. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது பலரும் சொல்லும் காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சனிக்கிழமை மாலை இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபம் எதற்குள்ளாவது எட்டிப் பாருங்கள், பாட்டியும் பேரனும் ஒரே பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். என் கணிப்பில் நடந்தது இது: தொலைதூரம் போகும் பெரிய சிக்னல்கள் எல்லாம் அதிக விளம்பரம் பிடிக்கும் வேறு வகைப் பாட்டுகளுக்குப் போய்விட்டன. தெஹானோவுக்கு மிஞ்சியவை பெரும்பாலும் சின்ன டவர்களும் ஏஎம் அலைவரிசைகளும்தான். எஃப்எம்மில் இரண்டு சிக்னல் மோதினால் சின்னது முழுதாகவே காணாமல் போய்விடும். வியாபாரமும் இயற்பியலும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன.

இந்த இசை தெரியாதவர்களுக்காக: 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் அக்கார்டியனையும் போல்கா தாளத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கிருந்த மெக்சிகோ வம்சாவளி மக்கள் அவற்றை எடுத்துத் தங்கள் பாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். அக்கார்டியனும், பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு தந்தி கிதாரும் சேர்ந்தால் கொன்ஹுந்தோ. 1936-ல் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்த நார்சிசோ மார்ட்டினெஸைத்தான் அதன் தந்தை என்கிறார்கள். பிறகு ஊதுகுழல்கள் வந்தன, கீபோர்டு வந்தது, கன்ட்ரி இசையின் சாயலும் சேர்ந்தது. லிட்டில் ஜோ, மாஸ் குழு, லா மாஃபியா குழு, எமிலியோ நவைரா, பாடகி செலீனா எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்.

இந்த இசை வளர்ந்ததே ரேடியோவை ஒட்டித்தான். 1930களில் ஆங்கில ஸ்டேஷன்களில் கொஞ்ச நேரத்தை விலைக்கு வாங்கி ஸ்பானிஷ் நிகழ்ச்சி நடத்துவார்கள். பாடகி லிடியா மென்டோசா சான் ஆன்டோனியோவில் அப்படி ஒரு நிகழ்ச்சியில் பாடித்தான் ஊருக்குத் தெரிந்தவரானார். 1946-ல் ராவுல் கோர்ட்டெஸ் அதே ஊரில் 1350 ஏஎம்மில் கேசிஓஆர் என்ற முழுநேர ஸ்பானிஷ் ஸ்டேஷனைத் தொடங்கினார். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர் ஒருவரே சொந்தமாக நடத்திய முதல் முழுநேர ஸ்பானிஷ் ஸ்டேஷன் அது. 1966-ல் டாவிலா குடும்பம் 1540 ஏஎம்மில் கேஈடிஏ ஸ்டேஷனை ஆரம்பித்தது. ‘ரேடியோ ஹாலபென்யோ’ என்றால்தான் அங்கே பலருக்கும் தெரியும். வேறெங்கும் கிடைக்காத கொன்ஹுந்தோ அங்கே நாள் முழுக்க ஓடியது.

அப்புறம் எஃப்எம். 90களின் தொடக்கத்தில் சான் ஆன்டோனியோவின் 107.5, அதாவது கேஎக்ஸ்டிஎன், தெஹானோவுக்கு மாறியது. ஆங்கில ஸ்டேஷன்களையும் முந்தி ஊரின் முதலிடத்துக்கு வந்தது. பெரிய டவர், தெளிவான ஸ்டீரியோ, பாதி ஆங்கிலம் பாதி ஸ்பானிஷாகப் பேசும் அறிவிப்பாளர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறை வீட்டில் பேசுவதும் அப்படித்தான். ஹூஸ்டனிலும் கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் தெஹானோ ஸ்டேஷன்கள் செழித்திருந்த காலம் அது. 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் செலீனா பாடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. அடுத்த மாதம் 31ஆம் தேதி அவர் இங்கே கார்ப்பஸ் கிறிஸ்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது.

அவரோடு தெஹானோவும் போய்விட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. இந்த ஊரில் அவர் சிலை முன்னால் இன்றும் பூ வைக்கிறார்கள், அந்த இழப்பை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன்கள் மாறியதற்கு அதே ஆண்டுகளில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மக்கள்தொகை. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்கள் 1990-ல் சுமார் 43 லட்சம் பேர், 2000-ல் சுமார் 92 லட்சம் பேர். புதிதாக வந்தவர்களுக்கு மெக்சிகோவின் நோர்த்தேன்யோ, பண்டா என்ற இசை வகைகள்தான் சொந்தப் பாட்டு. தெஹானோ டெக்சாஸ்காரர்களின் இசை. நாடு முழுக்க ஸ்பானிஷ் விளம்பரம் விற்கும் நிறுவனத்துக்கு, லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிகாகோவிலும் டாலஸிலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய, இந்தப் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்த ‘ரீஜனல் மெக்சிகன்’ வகை வசதி. ஒரு மாநிலத்துக்குள் நிற்கும் இசை அந்தக் கணக்கில் பொருந்தாது.

இரண்டாவது, 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம். அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை ஸ்டேஷன் வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஒரே பெரிய நகரத்தில் எட்டு ஸ்டேஷன் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. கேஎக்ஸ்டிஎன்னை நடத்திய டிச்செனர் டெக்சாஸைச் சேர்ந்த குடும்ப நிறுவனம். அது 1997-ல் ஹெஃப்டெல் நிறுவனத்தோடு இணைந்தது, இணைந்த நிறுவனத்தை 2003-ல் யூனிவிஷன் வாங்கியது. முடிவெடுக்கும் மேசை இப்படி ஊரை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. பின்னாளில் 107.5 வேறு வகைப் பாட்டுக்குப் போக, தெஹானோ 1350 ஏஎம்முக்கு நகர்ந்தது. ராவுல் கோர்ட்டெஸ் தொடங்கிய அதே 1350! அந்த அலைவரிசையின் வரலாற்றை நினைத்தால் பெருமையாக இருக்கும். எஃப்எம்மில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு படி இறக்கம் என்பதும் உண்மை.

சரி, இனி சிக்னல் விஷயம். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எஃப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். எனவே வாட்டைப் போலவே டவரின் உயரமும் முக்கியம். 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அடிவானம் சுமார் 40 கிலோமீட்டர். 600 மீட்டர் என்றால் சுமார் 100 கிலோமீட்டர். அமெரிக்காவில் இதை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய சி வகுப்பு ஸ்டேஷன் 1,00,000 வாட்டில் 600 மீட்டர் உயரம் வரை போகலாம். சின்ன ஏ வகுப்புக்கு 6,000 வாட், 100 மீட்டர். ஒரே அலைவரிசையில் இரண்டு சி வகுப்பு ஸ்டேஷன்கள் இருந்தால் அவற்றுக்கிடையே 290 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு ஏ வகுப்புக்கு 115 போதும். சான் ஆன்டோனியோவுக்கும் கார்ப்பஸ் கிறிஸ்டிக்கும் இடையே சாலைத் தூரம் சுமார் 230 கிலோமீட்டர்தான். ஆக இரண்டு ஊரும் ஒரே அலைவரிசைப் பட்டியலைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய சிக்னல் ஒன்று கைமாறினால் அதே போல இன்னொன்றை உருவாக்க இடம் கிடையாது.

இரண்டு ஸ்டேஷன் ஒரே அலைவரிசையில் வந்தால் ஏஎம்மில் இரண்டும் கலந்து கேட்கும், ஒரே அறையில் இருவர் பேசுவது போல. எஃப்எம் ரிசீவர் அப்படிச் செய்யாது. ஒன்றின் வலு சில டெசிபெல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அளவு) கூடுதலாக இருந்தாலே அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு அமுக்கிவிடும். பொறியாளர்கள் இதை ‘கேப்சர்’ விளைவு என்கிறார்கள். காரில் போகும்போது ஒரு பாலம், ஒரு லாரி, சாலையின் ஒரு வளைவு என்று எல்லாமே அந்தச் சில டெசிபெலை மாற்றும். திரீ ரிவர்ஸ் ஊர்ப் பக்கம் எனக்கு அடிக்கடி இப்படி நடக்கும்: அக்கார்டியன் ஒரு வரி, அடுத்த நொடி வேறு ஊர் விளம்பரம், மறுபடி அக்கார்டியன். கொஞ்ச தூரத்தில் பெரிய ஸ்டேஷன் நிலைத்துவிடும், தெஹானோ திரும்பி வராது.

இதில் வளைகுடாக் கடற்கரைக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வெயில் காலத்தில் கடல்மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான உலர்ந்த காற்றும் அடுக்காக நின்றுவிடும். எஃப்எம் அலை அந்த அடுக்குக்குள் சிக்கி, அடிவானத்தைத் தாண்டி நெடுந்தூரம் ஓடும். அப்படிப்பட்ட விடியற்காலைகளில் இங்கே ஹூஸ்டனும் லூசியானாவும் உள்ளூர் போலக் கேட்கும். அதற்கு முதலில் பலியாவது ஊருக்குள் இருக்கும் சின்ன சிக்னல்தான்.

ஏஎம்முக்குப் போனால் வேறு சிக்கல். இரவில் ஏஎம் அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தாண்டி விழும். அதனால் பல ஸ்டேஷன்கள் பொழுது சாய்ந்ததும் சக்தியைக் குறைத்தாக வேண்டும். கேஈடிஏவின் 1540-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அலைவரிசையில் இரவுநேர முன்னுரிமை அயோவாவின் வாட்டர்லூவுக்கும் பஹாமாஸின் நாசோவுக்கும். சான் ஆன்டோனியோவில் அக்கார்டியன் கேட்க உட்காரும் நேரத்தில், எங்கோ இருக்கும் ஊர்களுக்காக ஒதுங்கி நிற்க வேண்டும். இது போதாதென்று போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு எல்லாம் ஏஎம்மில் இரைச்சலைச் சேர்க்கின்றன. சில மின்சாரக் கார்களில் ஏஎம்மே கிடையாது. ஏஎம் நிகழ்ச்சியை எஃப்எம்மில் மறுஒலிபரப்பும் சிறு டிரான்ஸ்லேட்டர்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் அதிகபட்சம் 250 வாட். பெரிய ஸ்டேஷனுக்கு இடைஞ்சல் என்று நிரூபணமானால் அவைதான் விலக வேண்டும்.

“ஆப்பில் கேட்கலாமே” என்பார்கள். கேட்கலாம், நானும் கேட்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார், என்னை மிஹோ (ஸ்பானிஷில் ‘என் மகனே’) என்றுதான் கூப்பிடுவார். அவர் சமையலறை ரேடியோ காலையில் காபி போடும்போது ஆரம்பிக்கும். பாட்டு மட்டுமா அதில் வருகிறது? யார் வீட்டில் இறப்பு, இறுதிச் சடங்குச் செலவுக்கு எந்தத் தேவாலய வாசலில் கோழிச் சாப்பாட்டுத் தட்டு விற்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நடனம் எந்த மண்டபத்தில், யாருடைய ஐம்பதாவது திருமண நாளுக்கு எந்தப் பாட்டு, எல்லாம் வரும். உலகம் முழுக்கக் கேட்கும் ஓர் இணைய ஒலிபரப்பு இதைச் சொல்லாது, சொல்லவும் அதற்குக் காரணமில்லை. நல்ல சிக்னல் கைமாறும்போது ஓர் ஊர் இழப்பது இதைத்தான். எனக்கு இதில் கோபமே உண்டு.

நடைமுறையில் என்ன செய்யலாம்? வீட்டில் கேட்பவராக இருந்தால், ரேடியோவுக்குப் பின்னால் தொங்கும் ஒயரை நம்பாதீர்கள். கூரையில் ஒரு யாகி ஆன்டெனா (ஒரு திசையை மட்டும் நன்றாகப் பிடிப்பது) வைத்து ஸ்டேஷனின் டவரைப் பார்த்துத் திருப்புங்கள். அது பின்பக்கத்திலிருந்து வரும் போட்டி சிக்னலைக் குறைத்துவிடும், கேப்சர் விளைவு உங்கள் பக்கம் வேலை செய்யத் தொடங்கும். மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஸ்டீரியோவுக்கு வேண்டிய சிக்னல் வலு மோனோவுக்குத் தேவையில்லை, இரைச்சல் பெருமளவு அடங்கும். எச்டி ரேடியோ (டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்கும் ரேடியோ) இருந்தால் பெரிய ஸ்டேஷன்களின் துணைச் சேனல்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், கைவிடப்பட்ட பாட்டு வகைகள் சில சமயம் அங்கே இருக்கும். ஸ்டேஷனுக்குப் போன் செய்து பாட்டுக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அதில் விளம்பரம் தரும் டயர் கடையிலோ ரொட்டிக் கடையிலோ “ரேடியோவில் கேட்டு வந்தேன்” என்று சொல்லுங்கள். சின்ன ஸ்டேஷன் பிழைப்பது அவர்களால்தான்.

ஊராகச் சேர்ந்து செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமங்களை வழங்கும் எஃப்சிசி ஆணையம் 100 வாட் குறைசக்தி எஃப்எம் உரிமம் தருகிறது. சுமார் 5.6 கிலோமீட்டர் வரை நன்றாகக் கேட்கும், ஒரு சின்ன ஊருக்கு அது தாராளம். விண்ணப்பிக்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் திறக்கும். 2013-லும் 2023 டிசம்பரிலும் திறந்தது. சான் ஆன்டோனியோ போன்ற நெரிசலான இடத்தில் காலி அலைவரிசை கிடைப்பது கடினம், சின்ன ஊர்களில் வாய்ப்பு அதிகம். அடுத்த முறை திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. ஆன்டெனா வைக்க இடம், பொறுப்பேற்க ஒரு தேவாலயமோ பள்ளியோ கலைச் சங்கமோ, எந்த அலைவரிசை காலி என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளர், இந்த மூன்றையும் இப்போதே தேடிவையுங்கள்.