விலா முறிந்த அப்பாவுக்கு ஐ.சி.யு. தேவைப்படுமா?

நிலாவெளியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பாவுக்கு 67 வயது. திருகோணமலை டவுனில் மான் குறுக்கே பாய்ந்ததில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். இடப்பக்கம் நாலு விலா எலும்பு முறிவு. நேற்று வாட்டில் சேர்த்தார்கள், நன்றாகத்தான் கதைக்கிறார். ஆனால் பக்கத்துக் கட்டில்காரரை மூன்றாம் நாள் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கும் அப்படி ஆகுமா? முன்கூட்டியே தெரியாதா?"

ஓரளவு தெரியும். ஆனால் முதல் நாள் நன்றாகக் கதைக்கிறார் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். நெஞ்சில் அடிபட்டால் கன்றிய நுரையீரல் அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் நீர் கோர்த்து மோசமாகும். போதாததற்கு, நோவுக்குப் பயந்து ஆள் இருமமாட்டார், மூச்சையும் மேலோட்டமாகவே எடுப்பார். சளி அடியில் தங்கி நிமோனியா பிடிக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு நடந்ததும் அநேகமாக இதுதான்.

வேல்ஸ் நாட்டில் உருவான ஒரு புள்ளிக் கணக்கு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: வயது, முறிந்த விலாக்களின் எண்ணிக்கை, பழைய நுரையீரல் நோய், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வந்தபோது இருந்த ஒட்சிசன் அளவு. முதல் இரண்டிலும் உங்கள் அப்பா கவனிக்கவேண்டிய பக்கம்தான் இருக்கிறார். முட்டு வருத்தம் இருந்தாலோ, நெடுநாளாகச் சுருட்டு, பீடி குடிப்பவர் என்றாலோ கேட்காமலே வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவசரத்தில் அது வீட்டு அலுமாரியிலேயே கிடந்துவிடுவதுண்டு.

அடுத்தடுத்த மூன்று விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தால் கதை வேறு. மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். அப்படிப்பட்டவரைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஐ.சி.யு.வில் வைத்துப் பார்ப்பார்கள்.

புள்ளிக் கணக்கை விட எனக்கு நம்பிக்கை இருமலில்தான். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். நேற்று பலமாக இருமியவர் இன்று செருமிவிட்டு நிறுத்தினால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். மூச்சையும் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்: 12 முதல் 20 வரை சரி, 25ஐத் தாண்டினால் சொல்லவேண்டும், 30 என்றால் காத்திருக்கவே கூடாது. ஒரு வசனத்தை முடிக்குமுன் மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் தூங்கி விழுவது, பிதற்றுவது எல்லாம் அதே அவசரம். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி 96 காட்டுகிறது என்று ஆறுதல்படவேண்டாம். முகமூடியில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால் அந்த எண் ஏமாற்றும்.

நோ மருந்தை "தாங்கலாம்" என்று தவிர்க்கவிடாதீர்கள். நோ அடங்கினால்தான் இருமல் வரும். குளிசை போதாவிட்டால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி பற்றிக் கேளுங்கள். யாராவது நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னால், கட்டாதீர்கள். மூச்சு இன்னும் குறையும். சாய்ந்து படுப்பதை விட நிமிர்ந்து இருப்பது நல்லது.

இன்னொன்று. முறிவு இடப்பக்கம் என்கிறீர்கள். கீழ் விலாக்கள் என்றால் அதன் கீழே மண்ணீரல் இருக்கிறது. வயிற்று நோ, தலைசுற்று, முகம் வெளிறுவது தெரிந்தால் மறைக்கவேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காய்ச்சல், மஞ்சள் சளி வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு முட்டினால் ஆட்டோ தேடாமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸில் ஒட்சிசனும் இருக்கும்.