வீட்டில் இன்க்ஜெட் பிறிண்டரை நாமே திருத்தப்போய்க் காசை இழக்க வைக்கும் பிழைகள் எவை?

ஒரு பிறிண்டரைக் கையாலேயே கொன்றவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கல்லடியில் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் எடுக்கிறேன். டியூட் எனும் பாடக்குறிப்புத் தாள்கள் அடிக்கவென்று டேங்க் வைத்த பிறிண்டர் ஒன்று வாங்கியிருந்தேன். ஒருமுறை கதிர்காமத்துக்கு நடந்துபோய்த் திரும்பி வர மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது. கச்சான் அடிக்கும் காலம். அந்தக் காற்றில் கொடியில் போட்ட சாரமே அரை மணித்தியாலத்தில் மொடமொடத்துப் போகும்; மயிரிழையிலும் மெல்லிய துளைகளில் நிற்கும் இங்க் என்ன பாடுபடும்? போதாக்குறைக்கு, புறப்பட்ட அவசரத்தில் கடைசித் தாள் வெளியே வந்த கையோடு சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டேன். பிறிண்டரின் சொந்தப் பட்டனை அமத்தினால்தான் இங்கைத் தாளில் தெளிக்கும் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் ஒழுங்காகக் குந்தும். நடுவழியில் கரண்ட் போனால் மூடாத வாயோடு கிடந்து காயும்.

வந்து பார்த்தால் கறுப்பு வரவில்லை. ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் நொசில் செக் அடித்தால் படிக்கட்டு மாதிரி வரவேண்டிய கோடுகளில் பாதி இல்லை. ஹெட் கிளீனிங்கை ஒன்பது தரம் தொடர்ந்து ஓட்டினேன். இதுதான் முதல் பிழை. கிளீனிங் என்றால் பிறிண்டர் எதையும் கழுவுவதில்லை. சின்னப் பம்ப் ஒன்று ஹெட் வழியாக இங்கை உறிஞ்சி, அடியில் இருக்கும் பஞ்சுக்குள் கொட்டுகிறது. அவ்வளவுதான். டேங்கில் இங்க் இறங்கும், பஞ்சு நிறையும், டேங்கில் இங்க் மட்டத்துக்குக் கீழே போனால் குழாயில் காற்றும் ஏறும். இரண்டு, மூன்று தரத்தில் சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட வேண்டும். காய்ந்த இங்கைப் புது இங்க் மெல்ல ஊறவைக்கும். விடியப் பார்த்தால் பல நேரம் கோடுகள் தானாகவே திரும்பி வந்திருக்கும். எனக்கோ அடுத்த நாள் காலையில் பரீட்சைத் தாள் கொடுக்க வேண்டும். பொறுமை எங்கே?

யூடியூப்பில் இரண்டு வீடியோ பார்த்தேன். பாமசியில் சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். எங்கள் கிணற்றுத் தண்ணி உப்புக் கலந்தது, அதைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது என்ற அறிவு மட்டும் இருந்தது. பற்றறிக்கு விடும் டிஸ்டில்ட் வாட்டர் போத்தல் எடுத்தேன். தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எல்லாம் ஹெட்டின் பசையையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தொட முதல் உங்களுடைய பிறிண்டர் எந்தச் சாதி என்று பாருங்கள். எச்.பி.யின் சின்னக் காட்ரிஜ் வகைகள் பலவற்றில் ஹெட் காட்ரிஜிலேயே ஒட்டியிருக்கும். கழுவிப் பார்க்கலாம், செத்தால் நட்டம் ஒரு புதுக் காட்ரிஜோடு போகும். கெனான் ஜி வரிசையில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். எப்சனில் ஹெட் மெசினோடு சேர்ந்தது. மற்ற இரண்டையும் போல இங்கைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளுகிற வேலை அதில் இல்லை. மின்சாரம் பட்டால் அசையும் மெல்லிய தகடு இங்கைத் தள்ளுகிறது. சிரிஞ்சைப் பலமாக அழுத்தினால் உள்ளே ஒரு நிறத்தின் அறையிலிருந்து மற்ற நிறத்தின் அறைக்கு வழி உடைந்துவிடலாம். பிறகு மஞ்சள் அடித்தால் பச்சை வரும்.

என்னுடையதும் மெசினோடு சேர்ந்த ஹெட்தான். அதைக் கழற்றி, மெதுவாகத்தான் தண்ணி விட்டேன், அது சரியாகவே நடந்தது. கறுப்பு ஒழுகி, தண்ணி தெளிவாக வந்தது. ஹெட்டின் மேலே வெள்ளைப் பட்டிக் கேபிள் பூட்டும் வாய் ஒன்று உண்டு, உள்ளே வரிசையாகப் பொடிப் பொடிக் கம்பிகள். அதில் ஒரு ஓரத்தில் கறுப்பாக ஒரு துளி நின்றது. கண்டேன். ரிஷுவால் ஒற்றினேன், வாயால் ஊதினேன், கேபிளைப் பூட்டினேன், சுவிட்சைப் போட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். லைட் ஒன்றும் எரியவில்லை. மெல்லிய கருகல் மணம்.

அந்தக் கேபிளில் 40 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம் ஓடுகிறது. ஈரமான இங்க் அதைக் கடத்தும். டவுனில் திருத்தும் கடைத் தம்பி கேபிளின் நுனியைப் பார்த்த உடனேயே சொன்னார்: "சேர், இது அடைப்பால செத்த ஹெட் இல்ல. ஈரத்தோட பூட்டியிருக்கீங்க." ஹெட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஷோர்ட்டான ஹெட் புதுப் போர்டையும் சேர்த்து எரிக்கும், இரண்டையும் மாற்றினால் புதுப் பிறிண்டர் விலைக்குக் கிட்ட வரும் என்றார். அடைப்பை எடுக்கக் கேட்டிருந்தால் எவ்வளவு எடுத்திருப்பீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் இன்னும் நொந்திருப்பேன்.

ஆகவே கழுவினால் ஹெட்டை ஒரு முழு நாள் காயவிடுங்கள். கேபிளின் இரண்டு நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோணலாகப் பூட்டாதீர்கள், பூட்டும்போது பிளக் சுவரில் இருக்கவே கூடாது.

ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டி இழுத்துக் கட்டியிருக்கும். ஹெட் எங்கே நிற்கிறது என்று மெசின் அதிலுள்ள நுண்கோடுகளைப் பார்த்துத்தான் அறியும். தின்னரால் துடைத்தால் கோடு அழியும், கிறீஸ் பட்டால் மறையும், ஹெட் ஓரத்தில் போய் மோதும். பெட்டியோடு வந்த பொலித்தீன் என்று நினைத்து அதைக் கத்தரித்த மச்சான் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். பெயர் வேண்டாம்.

பஞ்சு நிறைந்து லைட்டுகள் மாறி மாறி மின்னினால் பஞ்சு எவ்வளவு நிறைந்தது என்று மெசின் வைத்திருக்கும் கணக்கைச் சொப்ட்வெயாரால் பூச்சியமாக்குகிறார்கள். செய்யலாம், ஆனால் பஞ்சையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது நிறைந்து மேசைக்கு வழியும். டை இங்க் (கரைந்த சாயம்) கேட்கும் மெசினுக்கு மலிவாகக் கிடைத்ததென்று பிக்மென்ட் இங்க் (கரையாத நுண்பொடி கலந்தது) ஊற்றவும் வேண்டாம்.

இப்போது வைத்திருக்கும் பிறிண்டரில் ஞாயிறு தோறும் நாலு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடிக்கிறேன். கச்சான் காலத்தில் புதன்கிழமையும். கடைக்குக் கொண்டுபோவதானால் ஓட்டோவில் மடியில் மட்டமாக வைத்துப் போங்கள், டேங்க் சரிந்தால் இங்க் வெளியே வரும். நான் பழையதை மோட்டார் சைக்கிளில் முன்னால் சரித்து வைத்துத்தான் கல்லடிப் பாலம் தாண்டினேன். அன்று போட்டிருந்த சாம்பல் நிறக் காற்சட்டையில் முழங்காலுக்கு மேல் ஒரு மஞ்சள், ஒரு நீலம், இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு பச்சை. அதை இப்போது முற்றம் கூட்டும்போது மட்டும் போடுகிறேன்.