படிக்கப் பெயர் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் குழு எடுத்த கணக்கில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 60 பேர். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புக்கு அழைத்துச் சுவரொட்டி ஒட்டினோம், துண்டறிக்கை கொடுத்தோம். பெயர் பதிய வந்தவர்கள் 9 பேர்தான். எங்கே தவறு?

பதில்: எழுத்துத் தெரியாதவரை எழுத்தைக் காட்டி அழைத்திருக்கிறீர்கள். யாராவது படித்துச் சொன்னால்தான் அவருக்கு விஷயமே தெரியும். சொன்னவரிடமே "நான் போகட்டுமா?" என்று கேட்க வாய் வராது. துணிந்து வந்தாலும் பதிவு மேசை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கட்டம் போட்ட படிவம், பிறந்த தேதி, சான்றிதழ் நகல். கடைசியில், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தி வைக்கிறோம். அந்தக் கூச்சம் ஒன்றே போதும், மறுநாள் அவர் அந்தப் பக்கம் வரமாட்டார்.

வீடு தேடிப் போங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது. அதில் ஒருவர் முன்பு இதே வகுப்பில் படித்து முடித்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் தடவை பெயர் கேட்க வேண்டாம். "எதையெல்லாம் அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். மாத்திரை அட்டை, பேருந்தின் பெயர்ப்பலகை, கடன் பத்திரம், செல்போனில் உள்ள பெயர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, முதல் மாதப் பாடம் தானாக அமைந்துவிடும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். "பார்க்கலாம்" என்றால் மறுப்பு என்று நினைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். பெயரும், அவருக்குத் தோதான நேரமும் போதும், அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மற்ற காகிதங்களை ஒரு மாதம் கழித்து வாங்கலாம்.

அந்த 60 என்ற கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். கையெழுத்து மட்டும் போடப் பழகியவர்களும், மூன்றாம் வகுப்போடு நின்று மறந்துபோனவர்களும் "தெரியும்" என்றே சொல்லியிருப்பார்கள். அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறு வாக்கியத்தைப் புரிந்து படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது 1958இல் யுனெஸ்கோ வகுத்த அளவு. தனியே உட்கார வைத்து அதைப் பார்த்தால் எண்ணிக்கை கூடவே செய்யும்.

கேள்வி: 50 வயது தாண்டியவர்கள் "இனிமேல் மண்டையில் ஏறாது" என்கிறார்கள். என்ன சொல்லி அழைப்பது?

பதில்: முதலில் கண்ணைப் பாருங்கள். 40 வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கலாகும், அதுதான் வெள்ளெழுத்து. படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது வந்திருப்பதே தெரியாது. புத்தகத்தைப் பார்த்ததும் எல்லாம் கலங்கித் தெரிய, தன் மூளைதான் மந்தம் என்று முடிவு கட்டிவிடுவார். "ஊசியில் நூல் கோக்க முடிகிறதா?" என்று கேளுங்கள். கையை நீட்டி நீட்டிப் பார்ப்பவருக்குக் கண்ணாடி வேண்டும். பரிசோதனைக்கு எழுத்து அட்டை உதவாது. ஆங்கில E வடிவத்தைப் பல பக்கம் திருப்பி அச்சிட்ட 'ஈ' அட்டை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள வடிவத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். கிட்டத்தில் பார்ப்பதைச் சோதிக்க அட்டையை 40 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும். கண்ணாடியின் பவர் 40களின் நடுவில் ஏறக்குறைய +1, 60ஐ ஒட்டி +2 முதல் +2.5 வரை தேவைப்படும். தூரத்துப் பார்வையும் மங்கினால் கண் மருத்துவரிடமே அனுப்புங்கள்.

கியூபாவில் 1961இல் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில், தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடியும் கொடுத்தார்கள். அந்த ஓராண்டில் 7 லட்சம் பேர் எழுத்தறிவு பெற்றார்கள்.

காய்த்துப்போன கையில் மெல்லிய பென்சில் நிற்காது. தடித்த பென்சிலோ, சிலேட்டும் குச்சியுமோ கொடுங்கள். பாடத்தில் அச்செழுத்து 18 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறைய வேண்டாம்.

கேள்வி: பெண்கள் பெயர் கொடுக்கிறார்கள், இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள். ஏன்?

பதில்: உலகில் எழுத்தறியாத பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். நேரத்தை நீங்கள் குறிக்காமல் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். நடந்து பத்து நிமிடத்துக்குள் இடம், இருட்டுவதற்குள் வகுப்பு முடிவு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என மூன்றையும் பெயர் எழுதும் அன்றே வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் வீட்டுக்கு நான்காம் நாளே போங்கள். இரண்டு வாரம் விட்டால், படித்தது மறந்துபோன வெட்கமும் சேர்ந்து அவரைத் தடுக்கும்.